டூல் பிரீசெட்டர் தேர்வு: கேமராவைக் கடைசியில் பாருங்கள்

ஒரு ஷாப்பிலிருந்து வந்த கேள்வி இது: நான்கு செங்குத்து மெஷினிங் சென்டர்கள், எல்லாம் பிடி (BT) 40 டேப்பர், அதாவது ஸ்பிண்டிலில் டூல் ஹோல்டர் உட்காரும் கூம்பின் வகை. எச்எஸ்கே-ஏ63 (HSK-A63) என்ற வேறு வகை டேப்பர் ஸ்பிண்டிலோடு ஒரு ஐந்து அச்சு மெஷின். இரண்டு டர்னிங் சென்டர்கள். ஒவ்வொரு டூலையும் மெஷினுக்குள்ளேயே 50 மி.மீ. செட்டர் வைத்துத் தொட்டு நீளம் எடுக்கிறார்கள். ஜாப் மாறும்போதெல்லாம் ஸ்பிண்டில் சும்மா நிற்கிறது. டூலின் நீளத்தையும் விட்டத்தையும் மெஷினுக்கு வெளியே வைத்து அளக்கும் பிரீசெட்டர் வாங்க நினைக்கிறார்கள். எந்தக் கேட்டலாக்கைத் திறந்தாலும் 1 மைக்ரான் என்று போட்டிருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

விற்க வருபவர் முதலில் காட்டுவது கேமராவையும் திரையையும். நான் அவற்றைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது உங்களிடம் எத்தனை ஹோல்டர் (டூலைப் பிடித்துக்கொண்டு ஸ்பிண்டிலில் உட்காரும் பகுதி) இருக்கிறது என்பது. அடுத்தது பிரீசெட்டரின் ஸ்பிண்டில் ஹோல்டரை எப்படிப் பிடிக்கிறது என்பது. மூன்றாவது, அளந்த எண் மெஷின் கன்ட்ரோலுக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் சுமாரான கேமராவோடும் வேலை நடக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கேமராவாலும் பயனில்லை.

ஹோல்டர் விஷயத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஜாப்புக்கான டூல்களை வெளியே அளந்து வைக்கலாம் என்பதுதான் பிரீசெட்டரின் லாபம். அதற்கு அடுத்த ஜாப்பின் டூல்கள் வேறு ஹோல்டர்களில் தயாராக இருக்க வேண்டும். ஒரு மெஷினுக்கு மேகசின் (டூல்களை அடுக்கி வைக்கும் பகுதி) கொள்ளும் அளவுக்கு மட்டும் ஹோல்டர் வைத்திருந்தால், பழைய ஜாப் முடிந்து டூல் வெளியே வந்த பிறகுதான் கழற்றி மாட்டி அளக்க முடியும். அப்போதும் மெஷின் நிற்கத்தான் செய்யும், நிற்கும் காரணம்தான் மாறும். ஆகவே விலை விவரம் கேட்கும்போதே கூடுதல் ஹோல்டர், டூலை இறுக்கும் கோலெட், ஹோல்டரின் பின்முனையில் இழுத்துப் பிடிக்க இருக்கும் புல் ஸ்டட், டூல் வண்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஹோல்டர்களுக்கே பணம் போதாது என்றால், இந்த வருடம் ஹோல்டர் வாங்கிவிட்டு பிரீசெட்டரை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதில் தவறில்லை.

நேரக் கணக்கு சுலபம். உதாரணத்துக்கு, ஒரு ஜாப்புக்கு 15 டூல், தொட்டு அளக்க ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் என்றால் 45 நிமிடம். ஒரு நாளில் இரண்டு முறை ஜாப் மாறினால் அந்த மெஷினில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. இதே கணக்கை உங்கள் எண்களோடு நான்கு மெஷினுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரே ஜாப் வாரக்கணக்கில் ஓடும் மெஷின் இந்தக் கணக்கில் வராது. அதற்கு மெஷினுக்குள் பொருத்தும் டச் செட்டரோ லேசரோதான் பொருத்தம். டூல் உடைந்ததா என்று ஒவ்வொரு சுற்றிலும் பார்ப்பது அவற்றால்தான் முடியும், வெளியே நிற்கும் பிரீசெட்டரால் முடியாது. இரண்டில் ஒன்றுதான் என்பதும் இல்லை. வெளியே அளந்துகொண்டு, உடைந்ததா என்று மட்டும் உள்ளே பார்க்கும் ஷாப்புகள் நிறைய.

சரி, ஸ்பிண்டிலுக்கு வருவோம். பிரீசெட்டரின் மற்ற எல்லா அளவும் இதன் மேல்தான் நிற்கிறது.

பிடி, கேட் (CAT), ஐஎஸ்ஓ டேப்பர்கள் எல்லாமே 7/24 சரிவு, அதாவது 24 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 7 மி.மீ. மாறும். இதன் விளைவு என்னவென்றால், டேப்பர் உட்காரும் விட்டத்தில் 1 மைக்ரான் மாறினால் ஹோல்டர் நீளவாக்கில் சுமார் 3.4 மைக்ரான் நகரும். டேப்பரைச் சுற்றி 1 மைக்ரான் தடிமனுக்கு எண்ணெய்ப் படலம் இருந்தால் விட்டத்தில் அது 2 மைக்ரான், நீளத்தில் கிட்டத்தட்ட 7 மைக்ரான். 1 மைக்ரான் காட்டும் திரையை வைத்துக்கொண்டு டேப்பரைத் துடைக்காமல் அளப்பவர் 7 மைக்ரான் தவறை மூன்று தசமத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். டேப்பர் துடைக்கும் கருவி, டூல் முனையைச் சுத்தம் செய்யும் களிமண் போன்ற பசை, இரண்டையும் பிரீசெட்டரோடேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, பிடிக்கும் விசை. சாதாரண பிரீசெட்டர்களில் ஹோல்டர் தன் எடையிலேயே கூம்புக்குள் உட்காரும். சற்று மேலான வகையில் வாக்கும் (vacuum, காற்றை உறிஞ்சும் விசை) இழுக்கும். அதற்கும் மேலே, புல் ஸ்டட்டையோ ஹோல்டரின் உட்பகுதியையோ பிடித்து இழுக்கும் இயந்திரப் பிடி. பிடி 40 மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வாக்குமே தாராளம். மெஷினில் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் டிரா பார் என்ற தண்டு பலமாக இழுப்பதால் ஹோல்டர் சில மைக்ரான் கூடுதலாக உள்ளே போகும். ஆனால் ஒரே மெஷினில் அந்த வித்தியாசம் எல்லா டூலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், அதை ஒருமுறை ஈடுகட்டிவிட்டால் போதும்.

உங்கள் எச்எஸ்கே மெஷின் கதை வேறு. எச்எஸ்கே 1:10 சரிவுள்ள குட்டை டேப்பர். கூம்பும் முகமும் சேர்ந்து உட்கார வேண்டும். இழுத்துப் பிடிக்காமல் சும்மா வைத்தால் முகம் தொடாது, இடைவெளி இருக்கும். அந்த நிலையில் எடுத்த நீளத்தை நம்பி வேலை செய்ய முடியாது. பலகோணக் கூம்புள்ள கேப்டோவும் இப்படித்தான். எனவே எச்எஸ்கே டூல்களையும் இதே பிரீசெட்டரில் அளக்கப்போகிறீர்கள் என்றால் இயந்திரப் பிடி கட்டாயம், அதில் பேரம் வேண்டாம். அந்த ஒரு மெஷினுக்கு உள்ளேயே லேசர் இருந்தால், பிரீசெட்டரை பிடி 40-க்கு மட்டும் எளிமையாக வாங்குவதும் நியாயமான முடிவுதான். ஐந்து அச்சு மெஷினில் டை, மோல்டு வேலை செய்கிறீர்கள் என்றால் நான் அந்தப் பக்கமே சாய்வேன். வேகமாகச் சுற்றும்போது ஸ்பிண்டில் சூடேறி நீள்வதையும் சேர்த்து அளப்பது உள்ளே இருக்கும் லேசர்தான். ஒரு பால்நோஸ் விட்ட இடத்தில் அடுத்த பால்நோஸ் தொடங்கும்போது படி தெரியாமலிருக்க அதுதான் உதவும்.

பெரும்பாலான பிரீசெட்டர்கள் 50 டேப்பர் ஸ்பிண்டிலோடு வரும். 40, 30, எச்எஸ்கே எல்லாம் அடாப்டர் வழியாகத்தான். ஒவ்வொரு அடாப்டரும் தன் ரன்அவுட்டைச் (சுற்றும்போது மையம் விலகும் அளவு) சேர்க்கும், ஒவ்வொன்றுக்கும் தனி ஜீரோ உண்டு. மாற்றி மாற்றிப் போடும்போது தவறான ஜீரோவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லா டூலும் ஒரே அளவுக்குத் தப்பாகும். உங்கள் ஷாப்பில் பெரும்பாலான டூல் பிடி 40 என்பதால், 40 டேப்பரை நேரடியாக ஏற்கும் ஸ்பிண்டில், அல்லது அடாப்டர் இல்லாமல் உள்கூடு முழுவதையும் மாற்றும் அமைப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். அடாப்டரை மாட்டியதும் அதுவே தன்னை அடையாளம் காட்டி ஜீரோவைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் சில மாடல்களில் உண்டு. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ரன்அவுட்டை ஸ்பிண்டில் வாயில் மட்டும் காட்டி முடித்துவிடுவார்கள். டெஸ்ட் பார் போட்டு 300 மி.மீ. உயரத்திலும் காட்டச் சொல்லுங்கள். நீளமான டூலில் சாய்வு அங்கேதான் தெரியும்.

இனி எண் போகும் வழி. பிரீசெட்டர் வாங்கிய பல இடங்களில் அது மூலையில் தூசி படிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. பிரீசெட்டர் தருவது ஸ்பிண்டிலின் கேஜ் லைனிலிருந்து (டூல் நீளத்தை அளக்கத் தொடங்கும் அடிப்படைக் கோடு) டூல் முனை வரையுள்ள நீளம், எப்போதும் நேர்மறை எண். இப்போது உங்கள் ஆட்கள் டூலை ஜாப்பின் மேல் தொட்டு, ஹோம் நிலையிலிருந்து இறங்கிய தூரத்தை எதிர்மறை எண்ணாக எச் ஆஃப்செட்டில் (கன்ட்ரோலில் டூல் நீளத்துக்கான இடம்) போடுகிறவர்கள் என்றால், பிரீசெட்டரின் எண் அங்கே பொருந்தாது. முறையையே மாற்ற வேண்டும்: எச்-இல் டூல் நீளம் மட்டும், ஜாப்பின் ஜீரோவைக் குறிக்கும் ஜி54-இன் இசட் (உயரம்) மதிப்பில் ஸ்பிண்டில் முகத்திலிருந்து ஜாப் ஜீரோ வரையுள்ள தூரம். இந்த மாற்றத்தை பிரீசெட்டர் வருவதற்கு முன்பே செய்து, ஆட்களுக்குப் பழக்கிவிடுங்கள். பழகாமல் பிரீசெட்டரை இறக்கினால் முதல் வாரமே யாராவது பழைய முறையையும் புதிய முறையையும் கலந்து வைத்துவிடுவார்கள். அடுத்து நடப்பது டூல் போய் மோதுவதுதான்.

ஒவ்வொரு மெஷினையும் பிரீசெட்டரோடு இணைக்க ஒரு ரெஃபரன்ஸ் பார் போதும். அதைப் பிரீசெட்டரில் அளந்து, அந்த நீளத்தை எச்-இல் போட்டு, மெஷினில் மாட்டி, உயரம் தெரிந்த ஒரு பிளாக்கின் மேல் தொட்டு இசட் ஆஃப்செட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். டிரா பார் இழுப்பால் வரும் சில மைக்ரான் உட்பட அந்த மெஷினின் நிலையான வித்தியாசம் எல்லாம் இசட் ஆஃப்செட்டுக்குள் போய்விடும். மெஷினில் டச் புரோப் இருந்தால் அதன் நீளத்தையும் இதே பாரை வைத்தே கேலிபிரேட் செய்யுங்கள். இரண்டுக்கும் இரண்டு வேறு அடிப்படை இருந்தால், ஆளுக்கு ஆள் கைக்குத் தோன்றியபடி வேர் (wear) ஆஃப்செட்டை, அதாவது தேய்மானத்துக்கான சிறு திருத்த எண்ணைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

அளந்த எண்ணைக் கையால் டைப் செய்வது ஆரம்பத்துக்குப் பரவாயில்லை. ஆனால் 152.384 என்ற நீளத்தை 125.384 என்று அடித்துவிட்டால், டூல் 27 மி.மீ. குட்டை என்று மெஷின் நம்பி, அவ்வளவு கூடுதலாக இறங்கும். ஆகவே குறைந்தபட்சம் டூல் எண், நீளம், விட்டம் அச்சிடும் லேபிள் பிரிண்டர் வேண்டும். அதைவிட நல்லது, கன்ட்ரோலுக்கு ஏற்ற ஃபைலாகவே பிரீசெட்டர் கொடுப்பது. ஃபானக் கன்ட்ரோல் என்றால் ‘ஜி90 ஜி10 எல்10 பி5 ஆர்152.384’ என்பது போல ஒரு வரி, 5-ஆம் எண் ஆஃப்செட்டில் நீளத்தை எழுதிவிடும். அந்த ஜி90 முக்கியம். ஜி91 நிலையில் ஓடினால் புதிய எண் பழையதோடு கூட்டப்படும். ஹைடன்ஹைன் கன்ட்ரோலில் இது டூல் டேபிளுக்குள் போக வேண்டும், அங்கே கேட்பது ஆரம். சில கன்ட்ரோல்களில் ஆரமா விட்டமா என்பதை நாமே செட்டிங்கில் தேர்ந்தெடுக்கலாம். பிரீசெட்டர் விட்டம் அனுப்பி மெஷின் அதை ஆரமாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் டெமோவுக்கு வருபவரிடம், உங்கள் கன்ட்ரோல் ஒவ்வொன்றுக்கும் ஃபைலை உங்கள் கண்ணெதிரே உருவாக்கி, மெஷினில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். ‘அது பிறகு போஸ்ட் (கன்ட்ரோலுக்கு ஏற்றபடி ஃபைலை மாற்றித் தரும் மென்பொருள்) எழுதித் தருவோம்’ என்பது பதில் அல்ல. அதை எழுத்தில், ஆர்டரிலேயே வாங்குங்கள்.

ஹோல்டரிலேயே ஆர்எஃப்ஐடி சிப் பதித்து, மெஷினே படித்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் டூல் சுற்றும் இடங்களுக்கு அது அருமை. ஐந்து மில்லிங் மெஷினுக்கு இப்போது வேண்டாம். டேட்டா மேட்ரிக்ஸ் லேபிளும் ஒரு ஸ்கேனரும் உங்களுக்குப் போதும்.

இப்போது அளக்கும் முறை. டயல் வைத்துத் தொட்டு அளக்கும் எளிய வகை, திரையில் நிழலைப் பெரிதாக்கிக் காட்டும் புரொஜெக்டர் வகை, கேமரா வகை என்று மூன்று. டிரில், டேப், ஃபேஸ் மில் மட்டும் அளப்பவருக்குத் தொடும் வகையே போதும். டிரில் நீளம் 0.05 மி.மீ. முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கூரான கார்பைட், பிசிடி (செயற்கை வைரம்) முனைகளைத் தொட்டு அளக்கும்போது நுனி உடையும் ஆபத்து உண்டு. கேமராவில் அது இல்லை. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து, முனையின் நிழலைப் பிடித்து, விளிம்பை மென்பொருளே கண்டுபிடிக்கும். முனையை யார் எப்படிப் பார்க்கிறார் என்பதால் வரும் வித்தியாசம் வெகுவாகக் குறையும். மூலை ஆரம், கோணம் எல்லாம் கூடவே வரும். புதிதாக வாங்கும்போது புரொஜெக்டர் வகைக்கு நான் போகமாட்டேன். செகண்ட்ஹேண்டில் நல்லதாகக் கிடைத்தால் ஒழிய அதற்குக் காரணமில்லை.

கேமரா வகையிலும் கையால் நகர்த்துவது, சிஎன்சி மோட்டாரில் தானே நகர்வது என்று இரண்டு. கையால் நகர்த்தும் மாடலில் ஸ்பிண்டிலைச் சுற்றி முனை கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பழகிய ஆளுக்கு ஒரு டூல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படிப்படியாக விட்டம் மாறும் ஸ்டெப் டூல்கள், ஒவ்வொரு பல்லின் உயரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டிய கட்டர்கள், ஷிஃப்டுக்கு ஒரு ஆள் என மாறும் இடங்கள் — இவற்றுக்குத்தான் சிஎன்சி. உங்கள் கேள்வியில் இவற்றில் எதுவும் இல்லை. கையால் நகர்த்தும் மாடல், நல்ல ஃபைன் அட்ஜஸ்ட்மென்ட், சுற்றும் டூலின் அதிகபட்ச உருவத்தை எடுத்துவைக்கும் வசதி: இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்னாலிருந்து ஒளி விழுந்து முனையின் தேய்மானத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டும் முனை) எந்த விதமாகத் தேய்கிறது என்பதைச் செட்டர், அதாவது டூல் செட் செய்யும் ஆள், தினமும் பார்ப்பதே ஒரு படிப்பு.

அளவு வரம்பைக் கேட்டலாக்கில் பார்க்காமல், உங்கள் டூல் ரேக்கில் பாருங்கள். கேஜ் லைனிலிருந்து மிக நீளமான டூல் எது, மிகப் பெரிய விட்டம் எது, மிகக் கனமானது எது? பேக் போரிங் போலக் கீழ்நோக்கி வெட்டும் முனை இருக்கிறதா? போரிங் அதிகம் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: ஃபைன் போரிங் ஹெட்டைத் திரையைப் பார்த்துக்கொண்டே அளவுக்குத் திருப்புவதுதான் பிரீசெட்டரின் மிகச் சிறந்த வேலை. மெஷினுக்குள் தலையைக் குனிந்து திருப்புவதை அது ஒழித்துவிடும். ஆனாலும் வெட்டும்போது பார் வளையும் என்பதால், முதல் துளையை 0.02 முதல் 0.05 மி.மீ. சிறிதாக எடுத்து அளந்துவிட்டு இறுதி அளவுக்கு வாருங்கள். பிரீசெட்டர் உங்களை அளவுக்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்தும். மீதியை வேர் ஆஃப்செட்தான் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் இரண்டு டர்னிங் சென்டர்களை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். டரட்டில் (டூல்களைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் சுழலும் தலை) நேராகப் போல்ட் போட்டுப் பிடிக்கும் டூல்களை வெளியே அளந்து பயனில்லை, கழற்றி மாட்டும்போதே நிலை மாறிவிடும். டரட்டில் செருகிப் பூட்டும் விடிஐ (VDI) ஹோல்டர் கொஞ்சம் தேவலாம், ஆனாலும் டரட்டின் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். கேப்டோ போன்ற விரைவு மாற்று அமைப்புக்குப் போனால்தான் பிரீசெட்டர் அங்கே அர்த்தப்படும். அதுவரை மெஷினில் இருக்கும், டூலைத் தொட்டு அளக்கும் டூல் செட்டர் ஆர்மே போதும். அப்படிப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் சென்டர் உயரம் பார்க்கும் இரண்டாவது கேமராவைப் பற்றி விசாரியுங்கள்.

வைக்கும் இடமும் அளவின் ஒரு பகுதிதான். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும். 200 மி.மீ. டூல் 10 டிகிரி சூடானால் 23 மைக்ரான். மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்த டூலையும், ஷ்ரிங்க் ஃபிட்டில் (சூடாக்கி டூலைச் செருகி, ஆறும்போது இறுகும் முறை) இப்போதுதான் சூடாக்கிய ஹோல்டரையும் உடனே அளக்காதீர்கள். வெயில் படும் ஜன்னல், திறந்து மூடும் பெரிய கதவு, கம்பிரசர் — இவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். அதற்காக அடுத்த கட்டிடத்தில் குளிரூட்டிய அறையில் வைத்தால் ஆட்கள் போகவே மாட்டார்கள். மெஷின்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடித் தடுப்புக்குள் வைப்பது நடைமுறையில் நன்றாக இருக்கும்.

ஜோலர், ஸ்பெரோனி, எல்போ கன்ட்ரோலி, கெல்ச், ஹைமர் என்று பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். இன்னதுதான் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். உங்களுக்குப் பக்கத்தில் யாருடைய சர்வீஸ் ஆள் இருக்கிறார், கேமராவோ கம்ப்யூட்டரோ பழுதானால் எத்தனை நாளில் வரும், மென்பொருள் அப்டேட்டுக்கு ஒவ்வொரு முறையும் காசா, புதிய கன்ட்ரோல் சேர்த்தால் போஸ்டுக்குத் தனிக் கட்டணமா என்பதையெல்லாம் கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். பழைய பிரீசெட்டர் வாங்குவதானால் ஸ்பிண்டில் கூம்பில் கோடும் தேய்மானமும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கம்ப்யூட்டர் எவ்வளவு பழசு, உதிரி இன்னும் கிடைக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

கடைசியாக, அந்த 1 மைக்ரான். திரையில் தெரியும் கடைசி இலக்கம் ரெசல்யூஷன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அளந்தால் எவ்வளவு மாறுகிறது, உண்மை அளவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பவை வேறு இரண்டு கேள்விகள். டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் பளபளப்பான ஹோல்டரை ஒதுக்கிவிட்டு, உங்கள் ரேக்கிலிருந்து இரண்டு வருடம் ஓடிய ஒரு ஹோல்டரை எடுத்துக் கொடுங்கள். துடைத்து, போட்டு, அளந்து, வெளியே எடுத்து, மறுபடி வேறு திசையில் போட்டு, இப்படிப் பத்து முறை. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் விற்பனையாளரை நகரச் சொல்லிவிட்டு உங்கள் செட்டரை அதே பத்து முறை செய்யச் சொல்லுங்கள்.

பிறகு குட்டை, நடுத்தரம், நீளம் என்று மூன்று டூல்களைப் பிரீசெட்டரில் அளந்து, அதே மூன்றையும் உங்கள் மெஷினில் தொட்டு அளந்து ஒப்பிடுங்கள். மூன்றிலும் வித்தியாசம் ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை, அது ஆஃப்செட்டில் போய்விடும். டூல் நீள நீள வித்தியாசமும் கூடிக்கொண்டே போனால் ஸ்கேலிலோ தூணின் நேர்க்கோட்டிலோ கோளாறு இருக்கலாம். ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக மாறினால் டேப்பர் உட்காருவதில்தான் பிரச்சினை. முதலில் உங்கள் மெஷின் ஸ்பிண்டிலையும் புல் ஸ்டட்டையும் சோதித்துவிட்டு, அதன் பிறகு பிரீசெட்டரைக் குறை சொல்லுங்கள்.